மன்னார் வளைகுடா கதைய பாடுற குரல்: ஒரு ஓபரா சோப்ரானோவோட தொழில் எப்படி ஓடுது

நம்ம ராமநாதபுரம் கரைக்கு எதுக்க, மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், சிலோன் கரையில நடக்குறதா ஒரு பிரெஞ்சு ஓபரா இருக்கு, பேரு ‘முத்துக்குளிப்பவர்கள்’. ஓபரான்னா கதைய பாட்டாவே பாடி நடிக்கிற மேற்கத்திய இசை நாடகம். 1863 செப்டம்பர் 30ஆம் தேதி பாரிஸ்ல மொத தடவ மேடை ஏறுச்சு. இசை போட்ட ஜார்ஜ் பிசேக்கு அப்ப 24 வயசு, இந்தப் பக்கமே வராதவரு, கதை எழுதுன ரெண்டு பேரும் மொதல்ல மெக்சிகோவுல நடக்குற மாதிரி யோசிச்சுட்டு அப்புறமாத்தான் சிலோனுக்கு மாத்துனாங்க. அதனால அதுல வர்ற கோயிலு, சடங்கு, ஆளுங்க பேரு எதுவுமே கீழக்கரையிலயோ பாம்பன்லயோ பொறந்தவங்களுக்கு ஒட்டாது. ஒன்னே ஒன்னு மட்டும் ஒட்டும். லெய்லான்னு ஒரு பொண்ணு முகத்த மூடிக்கிட்டு பாறை மேல நின்னு, ஆளுங்க கடல்ல முங்கி முத்து எடுத்து முடிக்கிற வரைக்கும் பாடணும், அவ பாட்டு நிக்காம இருந்தாத்தான் கடல்ல கெட்டது எதுவும் நெருங்காதுன்னு கதை.

நம்ம கடல்ல நெசமாவே அப்படி ஒரு வேலை இருந்துச்சு. கடல்கட்டின்னு சொல்லுவாங்க. முத்துக்குளிப்பு நடக்குறப்ப சுறா வாய கட்டுறதுக்கு மந்திரம் சொல்ற ஆளு, அவரு இல்லாம குளியாளி யாரும் தண்ணில எறங்க மாட்டாங்க. 13ஆம் நூற்றாண்டு கடைசில இந்தக் கரைய பத்தி சொன்ன மார்க்கோ போலோ, எடுக்குற முத்துல இருபதுல ஒரு பங்கு இவங்களுக்குப் போகும், மந்திரம் பகலுக்கு மட்டும்தான், ராத்திரி அத அவுத்து விட்ருவாங்கன்னு சொல்லிருக்காரு. 1840கள்ல சிலோன்ல பெரிய அதிகாரியா இருந்த எமர்சன் டென்னன்ட்டும் இந்த வேலைய பத்தி எழுதிருக்காரு, பரம்பரையா வர்ற வேலை, தான் எழுதுற காலத்துல அந்தக் குடும்பத்துத் தலைவரு கத்தோலிக்கரு, ஆனா அதனால அவரோட மந்திரத்து மேல யாருக்கும் நம்பிக்கை குறையலன்னும் சொல்றாரு. எனக்கு ரொம்ப புடிச்ச தகவல் இது.

அந்த லெய்லா வேஷம் சோப்ரானோவுக்கு எழுதுனது. பொண்ணுங்க குரல் வகையில ரொம்ப மேல போறதுதான் சோப்ரானோ. தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர்னு நம்ம பக்கம் மாதா கோயில் பூசையில பாடுற புள்ளைங்கள கேக்குறப்ப எனக்குத் தோணுறது, நல்ல குரலுக்கு இங்க பஞ்சமே இல்ல. ஆனா நல்ல குரல் இருந்தா ஓபரா பாடகி ஆயிரலாம்னு நெனக்கிறது தப்பு. அந்தத் தொழில் எத்தன வருசம் ஓடும்ங்கறத, அவங்க எந்த வயசுல எத பாட மாட்டேன்னு சொல்றாங்கங்கறதுதான் பெரும்பாலும் முடிவு பண்ணுது, அப்படி மாட்டேன்னு சொல்ற வருசங்கள்ல அவங்களுக்கு யாரு சோறு போடுறாங்கங்கறதும் சேந்துதான். லெய்லாவ வச்சே சொல்றேன்.

மொதல்ல எவ்வளவு மேலன்னு பாப்போம். நம்ம கணக்குல ஒரு அம்மா 5 கட்டை சுருதில கச்சேரி பண்றாங்கன்னு வைங்க, மேல் ஸ்தாயி பஞ்சமத்த புடிச்சு நின்னா சபையே கை தட்டும். ஓபரா சோப்ரானோ தொடவேண்டிய ‘ஹை சி’ அதுக்கும் மேல, அதே 5 கட்டைல சொன்னா அதிதார ஸ்தாயி மத்யமம். குரல் நாண் ஒரு செகண்டுக்கு ஆயிரத்து சொச்சம் தடவ, கணக்கா 1046 தடவ, அடிச்சு அடிச்சு தெறக்கணும். 1791ல மொசார்ட் எழுதுன ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவுல வர்ற ராணி இதுக்கும் மேல ஏறி கிட்டத்தட்ட 1400 வரைக்கும் போவா, அத மொதல்ல பாடுனது மொசார்ட்டோட மனைவிக்கு அக்கா முறை, யோசஃபா ஹோஃபர். எல்லா சோப்ரானோவுக்கும் அந்த உயரம் வேணாம், ஆனா ஹை சி வரைக்கும் பயப்படாம போய்ட்டு வரணும்.

இதையெல்லாம் மைக் இல்லாம செய்யணும், இங்கதான் நம்ம ஆளுங்க நம்ப மாட்டேங்கறாங்க. அறுபது எழுபது பேரு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா முன்னாடி குழியில ஒக்காந்திருக்கும், ரெண்டாயிரம் மூவாயிரம் பேரு ஒக்காந்திருக்குற அரங்கம், கடைசி வரிசைல இருக்கவருக்கும் கேக்கணும். நம்ம நாடக மேடைக்கும் ஒரு காலத்துல இதே கஷ்டம் இருந்துச்சு. கொழும்பு வரைக்கும் போயி ஒன்னா நடிச்ச கே.பி.சுந்தராம்பாள், எஸ்.ஜி.கிட்டப்பா காலத்துல எல்லாம் மைக் கெடையாது, கொட்டாய்க்கு வெளிய நிக்கிறவனுக்கும் கேக்கணும், அதனாலதான் அவ்வளவு ஒசந்த சுருதி. நம்ம பக்கம் விடிய விடிய நடக்குற வள்ளி திருமணத்துல இன்னைக்கும் அந்த ஒசந்த சுருதிக்கு மவுசு இருக்கு, ஆனா மைக் வந்த பின்னாடி தொண்டைய அப்படி தயார் பண்ண வேண்டிய கட்டாயம் போயிருச்சு. ஓபராவுல அந்தக் கட்டாயம் போகவே இல்ல.

மைக் இல்லாம எப்படி கேக்குது? கத்துறதால இல்ல. கத்துனா ரெண்டு நாள்ல தொண்டை கட்டிக்கும். ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் பெரும்பாலும் கீழ் பக்கம், 500 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 500 அதிர்வு, வாக்குல திரண்டு நிக்கும், மேல போகப் போக மெலிஞ்சிரும். நம்ம காது ரொம்ப கூர்மையா கேக்குறது 3000 ஹெர்ட்ஸ் பக்கம். பயிற்சி உள்ள ஆம்பளக் குரல்ல சரியா அந்த எடத்துல ஒரு சக்தி குவியுதுன்னு சுவீடன் ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெர்க் காட்டுனாரு. சோப்ரானோ மேல் சுரத்துக்குப் போறப்ப வேற வழி: வாய், நாக்கு, தாடை எல்லாத்தையும் மாத்தி மாத்தி, தொண்டைக்கு மேல இருக்குற அந்த குழல் தானா அதிர்ற எடத்த, பாடுற சுரத்தோட அதிர்வுக்கே கொண்டு போயி சேத்துருவாங்க. சிட்னில ஒரு பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆளுங்க 2004ல இத அளந்தே காட்டிட்டாங்க. ரெண்டும் சேந்துட்டா கொஞ்சம் காத்துலயே பெரிய சத்தம் வரும். இதுக்கு ஒரு விலை இருக்கு, அந்த உயரத்துல ஆ, ஈ, ஊ எல்லாம் ஒரே மாதிரி கேக்கும், சோப்ரானோ பாடுறது வார்த்தையே புரியலன்னு எல்லாரும் சொல்றதுக்கு காரணம் இதுதான், அவங்க உச்சரிப்பு சரியில்லன்னு அர்த்தம் இல்ல.

மூச்சு அடுத்தது. சின்னப்பாலத்துப் பக்கம் தீவுக்குப் போயி பாசி எடுக்குற அம்மாக்கள பாத்தவங்களுக்கு இது சீக்கிரம் புரியும். முங்குறப்ப நெஞ்சு நெறைய மூச்ச புடிச்சு வச்சு, பதறாம, தேவைக்கு மேல ஒரு அசைவு இல்லாம இருப்பாங்க, பதட்டப்பட்டா மூச்சு சீக்கிரம் தீரும்னு அவங்களுக்குத் தெரியும். பாடகிக்கும் அந்தப் பதறாத ஒடம்புதான் வேணும், ஆனா அவங்க மூச்ச புடிச்சு வைக்க முடியாது, விட்டுக்கிட்டே இருக்கணும், விலா எலும்பு சுருங்காம விரிஞ்சபடியே நிக்க, வயிறும் முதுகும் தாங்க, இழை இழையா விடணும். இத்தாலிக்காரங்க இதுக்கு ‘அப்போஜ்ஜியோ’ன்னு பேரு வச்சிருக்காங்க. இது கை வர்றதுக்கே அஞ்சாறு வருசம் ஆகும், புஸ்தகம் பாத்து வராது, பக்கத்துல நின்னு கேக்குற ஒரு காது வேணும்.

இப்ப லெய்லாவுக்கு வருவோம், ஏன்னா அந்த ஒரு வேஷத்துக்குள்ளயே மூணு குரல் கேக்குறாங்க. மொத அங்கம் முடிவுல பாறை மேல நின்னு பிரம்மாவ கூப்புட்டு பாடுற எடத்துல குரல் சரசரன்னு ஓடணும், பிருகா மாதிரி நுணுக்கமா. ரெண்டாவது அங்கத்துல இருட்டுல, பாழடஞ்ச கோயில்ல தனியா இருக்கா, அங்க ஹார்ன் வாத்தியம் கூட வர, நீள நீளமா அறுபடாம இழைக்கணும். மூணாவது அங்கத்துல காதலன் உசுருக்காக முத்துக்குளிக்கிறவங்க தலைவன்கிட்ட கெஞ்சி, அப்புறம் ஆத்திரப்பட்டு சபிக்கிறா, அங்க ஆர்கெஸ்ட்ராவும் கனக்கும், குரலும் கனக்கணும். லேசான குரல்காரங்களுக்கு மூணாவது அங்கம் கஷ்டம், கனமான குரல்காரங்களுக்கு மொத அங்கம் கஷ்டம். எந்தக் குரலுக்கு எந்த வேஷம்னு ஜெர்மன்காரங்க ‘ஃபாக்’னு ஒரு முறையே வச்சிருக்காங்க, சூப்ரெட் (லேசான துடுக்கான குரல்), கொலராச்சுரா (நுணுக்கமா ஓடுற குரல்), லிரிக் (இழைக்கிற குரல்), டிராமாட்டிக் (கனமான குரல்)னு பிரிச்சு ஒப்பந்தத்துலயே எழுதுற அளவுக்கு. தன்னோட பிரிவுக்கு வெளிய இருக்குற வேஷத்த குடுத்தா பாடகி மறுக்குறதுக்கு அது ஒரு பாதுகாப்பு.

இந்த மறுக்குறதுதான் நான் சொல்ல வந்ததே. குரலுக்கு ஒரு வயசு இருக்கு, அவசரப்படுத்த முடியாது. லேசான குரல் சீக்கிரம் முதிரும்: டானியல் டி நீஸ், ஆஸ்திரேலியாவுல பொறந்தவங்க, அப்பா அம்மா இலங்கை பர்கர், அதாவது ஐரோப்பியக் கலப்பு வம்சாவளி, நமக்கு எதுத்த கரைதான், அவங்க 19 வயசுல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல சின்ன வேஷத்துல மேடை ஏறி, 2005ல இங்கிலாந்துல கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவுல கிளியோபாட்ராவா பாடி பெரிய ஆளானாங்க. கனமான குரலுக்கு அப்படி நடக்காது. சுவீடன்ல வெவசாயக் குடும்பத்துல பொறந்த பிர்கிட் நீல்சன் அதே மெட்ரோபாலிட்டன்ல மொதல்ல பாடுனது 1959ல, 41 வயசுல. நார்வேக்கார கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாடுக்கு 39. 25 வயசுல இவங்கள யாராவது கேட்டுட்டு, ஒன்னும் பெருசா வரலியேன்னு கைவிட்டிருந்தா என்னாயிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

மரியா கல்லாஸ் கதை இதுக்கு எதிர் பக்கம். 1949 ஜனவரில வெனிஸ்ல, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட ஓபராவுல வர்ற புரூன்ஹில்டே மாதிரி மலை கணக்கா கனமான வேஷத்த பாடிட்டு இருந்தவங்க, இன்னொரு பாடகிக்கு ஒடம்பு சரியில்லன்னதும் ஒரு வாரம் போல இடைவெளில படிச்சு, இத்தாலி இசையமைப்பாளர் பெல்லினியோட ‘பூரித்தானி’ ஓபராவுல எல்விராவ பாடுனாங்க, அது முழுக்க ஓட்டமும் நுணுக்கமும். அப்ப அவங்களுக்கு வயசு 25. ஒலகமே அசந்து போச்சு. அவங்க கடைசியா முழு ஓபரா பாடுனது 1965 ஜூலைல, லண்டன்ல, 41 வயசுல, நீல்சன் மெட்ரோபாலிட்டன்ல ஆரம்பிச்ச அதே வயசு. சீக்கிரம் கனமான வேஷம் பாடுனதுதான் காரணம்னு ஒரு கூட்டம், ஒடம்ப ரொம்ப எளச்சதுன்னு ஒரு கூட்டம், தசை நோய்னு ஒரு கூட்டம் இருக்கு. என் அபிப்பிராயத்துல இருபதுகள்ல எடுத்த சுமைதான் பெரிய பங்கு. அதே நேரத்துல கல்லாஸ் பாடுன மாதிரி அந்தப் பத்து பன்னெண்டு வருசம் வேற யாரும் பாடலங்கறதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

இத்தாலில மொதேனா ஊர்க்கார மிரெல்லா ஃப்ரேனி வேற வழிய புடிச்சாங்க. அம்மா சிகரெட் ஃபேக்டரில வேலை பாத்தவங்க, அதே ஃபேக்டரிலதான் பேர் போன ஓபரா பாடகர் பவரொட்டியோட அம்மாவும். ஃப்ரேனி லேசான வேஷத்துல ஆரம்பிச்சு வருசக்கணக்கா அதுலயே நின்னு, மெல்ல மெல்ல கனம் ஏத்துனாங்க. ‘மேடம் பட்டர்ஃபிளை’ங்கற கனமான ஓபராவ ரெக்கார்டு பண்ணாங்க, சினிமாவுக்கும் பாடுனாங்க, மேடையில மட்டும் கடைசி வரைக்கும் பாடவே இல்ல, ஸ்டூடியோவுல நிறுத்தி நிறுத்தி பாடலாம், மேடையில அந்த வேஷம் ஆள தின்னுரும். 2005 வரைக்கும், 70 வயசு வரைக்கும் பாடுனாங்க.

சரி, காத்திருக்கலாம், காத்திருக்குறப்ப வயித்துக்கு? பாட்டு வகுப்புக்கு வர்ற ஒரு புள்ளையோட அம்மா கேட்டாக, “எக்கா, இத வச்சு எம்புள்ள சோறு திங்க முடியுமா?” ரொம்ப சரியான கேள்வி. இளங்கலை நாலு வருசம், முதுகலை ரெண்டு வருசம், அப்புறம் ஓபரா வீடுகளே, அதாவது ஓபரா போடுற அரங்க நிறுவனங்களே, நடத்துற இளம் கலைஞர் பயிற்சி, அதுல மாசம் கொஞ்சம் பணம் தருவாங்க, அதுக்குள்ள 27, 28 ஆயிரும். அங்கருந்து ரெண்டு வழி. ஒன்னு, ஜெர்மனில அரசாங்கப் பணத்துல ஓடுற ஓபரா வீடுகள் எண்பது பக்கம் இருக்கு, சின்னச் சின்ன ஊர்ல எல்லாம் இருக்கு, அதுல மாச சம்பளத்துக்கு சேந்துரலாம். சம்பளம் பெருசா இருக்காது, ஆனா வருசம் முழுக்க வேலை, இன்ஷூரன்ஸ், வாரத்துல ரெண்டு மூணு வேஷம் மாத்தி மாத்தி பாடி மேடை பழகிரும். இன்னொன்னு தனியா ஓடுறது, ஏஜென்ட் மூலமா ஒவ்வொரு ஊரா. அதுல பெரும்பாலும் ஒரு காட்சிக்கு இவ்வளவுன்னுதான் கூலி, ஒத்திகை நாலஞ்சு வாரம் நடக்கும், அந்த நாளுக்கு பெருசா எதுவும் வராது, ரூம் வாடகை, விமானம், பாட்டு வாத்தியாருக்கு குடுக்குறது, ஏஜென்ட் பங்கு எல்லாம் இதுலருந்தே போகும். காட்சி அன்னைக்கு ஜலதோஷம் புடிச்சு பாட முடியலன்னா அன்னைக்கு கூலி கெடையாது. கச்சான் காத்து அடிச்சு கடலுக்கு போக முடியாத நாள்ல வீட்டுல என்ன கவலை இருக்கும்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதே கவலை பாரிஸ்லயும் மிலான்லயும் அந்தப் பாடகிக்கு இருக்கு.

ஒரே ராத்திரில ஒசந்துட்டாங்கன்னு சொல்ற கதைகள இந்தக் கண்ணோட பாக்கணும். 1965 ஏப்ரல்ல நியூயார்க் கார்னகி ஹால்ல, பாட வேண்டிய மர்லின் ஹார்ன் கர்ப்பமா இருந்ததால அவங்களுக்குப் பதிலா ஸ்பெயின்லருந்து மான்ட்செராட் கபாயேங்கறவங்க வந்து பாடி, மறுநாள் பேப்பர் முழுக்க அவங்க பேருதான். அவங்களும் வறுமையில வளந்தவங்கதான், வேலைக்குப் போயிக்கிட்டே படிச்சவங்க. அந்த ராத்திரிக்கு முன்னாடி சுவிட்சர்லாந்து பாசல்லயும் ஜெர்மனி பிரெமன்லயும் ஆறு வருசம் போல மாச சம்பளத்துல கெடச்சத எல்லாம் பாடி தேறிருக்காங்க. அந்த ரெண்டு ஊரு இல்லன்னா கார்னகி ஹால் இல்ல.

கச்சேரி மேடை தனி உலகம். வேஷம் கட்டாம, நின்ன எடத்துல பாடுறது: ஹேண்டலோட ‘மெசையா’, ஹைடனோட ‘படைப்பு’, பிராம்ஸோட ரெக்வியம் (செத்தவங்களுக்கான இசை), மாலரோட நாலாவது சிம்ஃபனி கடைசிப் பகுதி, இது எல்லாத்துலயும் சோப்ரானோவுக்கு எடம் உண்டு. ஒத்திகை ரெண்டு மூணு நாள்தான், அதனால கூலிக்கும் நாளுக்கும் கணக்கு பாத்தா பல பேருக்கு ஓபராவ விட இதுதான் கட்டுப்படியாகும், டிசம்பர் ஆனா ‘மெசையா’வே பல பாடகிகளுக்கு சோறு போடுது. நம்ம ஊர்ல சிஎஸ்ஐ கோயில்கள்ல கிறிஸ்துமஸுக்கு பாடுற அல்லேலூயா கோரஸ் அதுல இருக்குறதுதான். பியானோ மட்டும் வச்சு தனியா பாடுற கச்சேரியும் உண்டு, அங்க வார்த்தைதான் ராஜா. குரல் கொஞ்சம் தளந்த பிறகும் இத பாடலாம்ங்கறதால ஓபராவ விட்டவங்க பல பேரு இதுல பல வருசம் நின்னுருக்காங்க.

நம்ம கரைக்கு இதுல என்ன இருக்கு? லியோன்டின் பிரைஸ்னு ஒரு அம்மா, அமெரிக்கா மிசிசிப்பில லாரல்ங்கற சின்ன ஊரு, கறுப்பினக் குடும்பம், அப்பா மர மில்லுல வேலை, அம்மா பேறு பாக்குறவங்க, கோயில்லயும் பாடுறவங்க. வீட்டுல இருந்த கிராமஃபோன குடுத்து, அத முன்பணமா கழிச்சு புள்ளைக்கு ஒரு பியானோ வாங்குனாங்க. ஊர்ல இருந்த ஒரு பணக்காரக் குடும்பம் நியூயார்க் ஜூலியர்ட் இசைக் கல்லூரில படிக்க உதவுச்சு. 1961 ஜனவரி 27ஆம் தேதி மெட்ரோபாலிட்டன்ல மொதல்ல பாடுனப்ப முக்கா மணி நேரத்துக்கு பக்கத்துல கைதட்டு நிக்கல. கோயில், வீட்டுல ஒரு பியானோ, பின்னாடி நின்ன ஒரு குடும்பம், ஒரு நல்ல கல்லூரி, இதுல ஒன்னு கொறஞ்சாலும் நடந்துருக்காது. நம்ம கிட்ட மொதலாவது இருக்கு, மத்த மூணும் இல்ல.

இந்தியாவுலருந்து போனவங்க இல்லாம இல்ல. பம்பாய்ல பொறந்த பட்ரீஷியா ரொசாரியோ லண்டன் கில்டுஹால் இசைக் கல்லூரில படிச்சு, ஜான் டாவெனர்ங்கற இசையமைப்பாளர் அவங்க குரலுக்குன்னே பல படைப்பு எழுதுற அளவுக்கு வளந்தாங்க. 2009லருந்து இந்தியாவுக்கு வந்து வந்து இங்க உள்ள புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறாங்க. 2016ல மும்பை ராயல் ஓபரா ஹவுஸ் திரும்ப தெறந்தப்ப பாடுனதும் அவங்கதான். சென்னையில 2008லருந்து ஏ.ஆர்.ரஹ்மான் ஆரம்பிச்ச கே.எம். கன்சர்வேட்டரிங்கற இசைக் கல்லூரில மேற்கத்திய குரல் பயிற்சி இருக்கு. ஆனா ராமநாதபுரத்துலருந்து சென்னை ஒரு ராத்திரி ரயிலு, வாரா வாரம் ஒரு கிளாஸுக்கு யாரு அனுப்புவாங்க? கோயில்ல கீபோர்டும் எக்கோ போட்ட மைக்கும்தான் இருக்கு. அந்த எக்கோவ அணைச்சுட்டு ஒரு நாள் புள்ளைங்கள பாடச் சொல்லுங்கன்னு நான் பாக்குற பாட்டுக்குழு பொறுப்பாளருங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன், குரல் தன்னையே கேட்டுக்கிறதுக்கு அதுதான் மொத படி.

ஆர்வமா இருக்குற புள்ளைங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். 13, 14 வயசுல பெரிய பாட்டு எதுவும் வேணாம், ஹை சி வேணவே வேணாம். அந்த வயசுல பியானோ கத்துக்கணும், மேற்கத்திய நோட்ட பாத்த ஒடனே பாடப் பழகணும், சென்னையோ மதுரையோ எங்க வசதியோ அங்க போயி கிரேடு பரீட்சை எழுதணும். இதெல்லாம் பின்னால கத்துக்க ரொம்ப கஷ்டம், தொண்டை 17, 18 வரைக்கும் பொறுத்துக்கும். அப்புறம் இங்கிலாந்து கன்சர்வேட்டரிகளுக்குப் போகணும்னா அடுத்த வருச செப்டம்பர் சேர்க்கைக்கு இந்த வருசம் அக்டோபர் ஆரம்பத்துலயே விண்ணப்பம் போயிரணும், ஃபீஸ் நம்ம குடும்பங்களுக்கு எட்டாத உயரம், ஸ்காலர்ஷிப் இல்லாம யோசிக்கவே வேணாம். ஜெர்மனில அரசு இசைக் கல்லூரிகள்ல ஃபீஸ் ரொம்பக் கொறவு, நெறைய எடத்துல கெடையவே கெடையாது, ஆனா சில எடத்துல நம்ம மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு ஃபீஸ் உண்டு, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஆனா நேர்ல போயி பாடிக் காட்டணும், ஜெர்மன் பேசத் தெரியணும், அதனால பத்தாவது முடிச்ச லீவுலயே ஜெர்மன் கிளாஸ் ஆரம்பிச்சுட்டா ரெண்டு வருசம் கையில இருக்கும்.